வேன் எங்கே நிற்கும்? மேற்கு மாம்பலம் முதல் குலதெய்வம் வரையிலான குடும்பப் பயணங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தலைவன் எதற்காகவெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புவான் என்பதைத் தொல்காப்பியர் வகுத்து வைத்திருக்கிறார். படிக்க, போரிட, தூது செல்ல, பொருள் தேட. பேரனுக்கு மொட்டை போடுவதற்காகப் பன்னிரண்டு பேர் டெம்போ டிராவலரில் கிளம்புவது அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது. அகத்திணைத் தலைவன் போனான். தலைவி வீட்டில் இருந்தாள். தலைவி, அவளுடைய மாமியார், செவிலி, தோழி, தோழியின் இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அவனோடு ஒரே வண்டியில் ஏறியிருந்தால், பாலைத் திணையின் துயரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிற்கால இலக்கியமும் கைகொடுக்கவில்லை. ‘பொன்னியின் செல்வ’னின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். அவனும் தனி ஆள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவனும் குதிரையும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். பின்சீட்டிலிருந்து யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கப் போவதில்லை.

ஆகவே இத்துறையில் ஒரு பெரிய இடைவெளி உள்ளது. அதை நிரப்ப முற்படும் இவ்வாய்வின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நெடுஞ்சாலையில் ஒரு குடும்ப வேன் எங்கே, யாருக்காக நிற்கிறது? இதற்கு விடை கண்டால், அந்தக் குடும்பம் வீட்டில் எப்படி நடக்கிறது என்பதற்கும் விடை கிடைத்துவிடும் என்பது கருதுகோள்.

2. ஆய்வுக் களம்

களமாக மேற்கு மாம்பலம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இங்கே கோயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே குடியிருக்கும் பலருடைய குலதெய்வம் இங்கே இல்லை. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ரயிலேறி வந்தபோது, சுவாமிமலை முருகனையும் வைத்தீஸ்வரன்கோயில் அம்மனையும் வயல்வரப்பில் குதிரையோடு நிற்கும் ஐயனாரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். பேரன்கள் இப்போது ஆண்டுக்கொரு தடவை தெற்கே போய்க் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இங்குள்ள பல தெருக்களில் வேன் நுழைந்தால் திரும்பாது. அதனால் வேன் ஆரிய கவுடா சாலையில் அயோத்தியா மண்டபத்துப் பக்கம் நிற்கும். குடும்பம் மூட்டை முடிச்சோடு அங்கே நடந்து போகும். புறப்பாடு இவ்வாறு பொது இடத்தில் நடப்பதால் ஆய்வாளர் யாரிடமும் அனுமதி வாங்காமலே கவனிக்கலாம். மூன்றாவது, எந்த வழியாகப் போவது என்பதில் இங்கே எல்லாருக்கும் அபிப்பிராயம் உண்டு. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குச் சற்று உறுதியாகவே உண்டு.

வழி வருமாறு: அசோக் பில்லர், கத்திப்பாரா, தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், விக்கிரவாண்டி. அங்கே ஜி.எஸ்.டி. சாலையின் தொடர்ச்சியை விட்டுப் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம். மொத்தம் சுமார் 300 கிலோமீட்டர். செல்போன் வரைபடம் இதற்கு ஒரு நேரம் சொல்லும். அது வந்தியத்தேவனுக்கான நேரம். இவ்வாய்வில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

3. புறப்பாட்டியல்

காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்று முடிவாகிறது. எல்லாரும் ஐந்துக்குத் தயாராக இருக்க வேண்டுமென்பதற்காகப் பெரியப்பா நாலரை என்று சொல்லி வைக்கிறார். பெரியப்பா எப்போதும் அரை மணி குறைத்துத்தான் சொல்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவரவர் அரை மணியைக் கூட்டிக்கொள்கிறார்கள். இவர்கள் கூட்டுவார்கள் என்பது பெரியப்பாவுக்கும் தெரியும். இந்த ஞானப் பரிமாற்றம் முடியும்போது மணி ஆறரை.

பஞ்சாங்கம் இதை முன்பே யோசித்துச் சலுகை தந்திருக்கிறது. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது. ஐந்து மணி என்று நினைத்தவர்களுக்கு நான்கு மணி நேரம் கையிருப்பு. அதில் பெரும்பகுதியைச் செலவழிக்கும் குடும்பங்களும் உண்டு. வியாழக்கிழமை என்றால் தெற்கே சூலம்; பரிகாரம் தைலம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியில் நல்லெண்ணெய் ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் பரிகாரம் ஆகிவிட்டது என்று பாட்டிகள் தீர்ப்பளிப்பதுண்டு.

இதையும் மீறிய நெருக்கடிக்குப் பரஸ்தானம் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், ஒரு பையை மட்டும் அந்த நேரத்தில் வெளியே எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. சாஸ்திரப்படி பயணம் தொடங்கியாயிற்று. பிறகு ஆற அமரக் குளிக்கலாம். இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: குறித்த நேரத்தில் கிளம்புவது பை, ஆள் அன்று.

வேனின் முன்சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைகிறது, எம்.எஸ். குரலில் விஷ்ணு சஹஸ்ரநாமம் தொடங்குகிறது. அது முடிய ஏறத்தாழ அரை மணி ஆகும். சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் அதற்குள் தாம்பரத்தை நெருங்கிவிடலாம் என்பதால், மேற்கு மாம்பலத்துக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு சஹஸ்ரநாமம் என்று குறிக்கலாம். ஆறரைக்குக் கிளம்பியவர்களுக்கு இந்த அளவை செல்லாது.

அடுத்து எழுவது கேஸ் ஐயம். “கேஸை மூடினியோ?” என்ற இந்தக் கேள்வி வீட்டு வாசலில் எழுவதில்லை, கத்திப்பாரா மேம்பாலத்திலும் எழுவதில்லை. பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து வெளியே வந்து, வண்டி முதன்முதலாக வேகம் பிடிக்கும்போதுதான் எழுகிறது. இரண்டாம் விதி: திரும்ப முடியாத இடத்துக்கு வந்த பிறகே ஐயம் தோன்றும். வேலை மாறியவர்களும் வீட்டை விற்றவர்களும் இவ்விதியை உறுதி செய்வார்கள்.

இதற்குத் தீர்வு எதிர் ஃப்ளாட் மாமி. அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. அவர் போய்ப் பார்த்து, “கேஸெல்லாம் மூடித்தான் இருக்கு. பாத்ரூம் லைட்தான் எரிஞ்சுண்டு இருந்தது, அணைச்சுட்டேன்” என்கிறார். வேனுக்குள் அமைதி திரும்புகிறது. சாவி கொடுத்து வைக்க ஒரு மனிதர் எதிர்வீட்டில் இருப்பதே பயணக் காப்பீடு என்ற வாழ்க்கைப் பாடத்தைக் குடும்பம் இந்த இடத்தில் கற்கிறது. ஊர் திரும்பி அவரிடம் பிரசாதம் கொடுக்கும் வரை அதை நினைவில் வைத்திருக்கிறது.

4. இருக்கையியல்

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு வழி தெரிந்தவருக்கு என்பது மரபு. நடைமுறையில் அது வழி தெரியும் என்று நம்புபவருக்குப் போகிறது. பெரும்பாலும் அத்திம்பேர். அவர் திண்டிவனத்துக்கு முன்பே, “இப்படியே லெஃப்ட்ல போனா ஷார்ட் கட்” என்கிறார். டிரைவர், “சரி சார்” என்று சொல்லிவிட்டு நேராகப் போகிறார். இருவர் மனமும் நிறைகிறது. கருத்தைக் கேட்டுக்கொள்வதும் கருத்தின்படி நடப்பதும் வேறு வேறு என்பதை இவ்வளவு அழகாகக் காட்டும் களம் சட்டசபைக்கு வெளியே அரிது.

ஜன்னல் சீட்டு குழந்தைகளுக்கு. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு முன்னுரிமை. இந்தச் சலுகைக்காகவே இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி வருவது போலிருக்கும். அவோமின் மாத்திரையைக் காட்டினால் ஒன்றுக்குச் சரியாகிவிடும். மற்றது மெய்யான நோயாளி.

5. உணவியல்

ஓட்டல் இருக்கும்போது கட்டுச்சாதம் எதற்கு என்று இளைய தலைமுறை கேட்கிறது. விடை சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. பரிசு பெற்ற பாணன், பெறப்போகும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் அது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அதாவது நமது வேன் போகும் வழிக்குச் சங்க காலத்திலேயே கையேடு போட்டிருக்கிறார்கள். அதில் வழியைவிட வழியில் கிடைக்கும் சாப்பாட்டுக்குத்தான் விவரம் அதிகம். எந்த ஊரில் மீன், எந்த ஊரில் நண்டு என்றெல்லாம் சொல்லிவரும் புலவர், வேலூரில் எயினர் வீட்டுப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சூடான சோறு கிடைக்கும் என்கிறார். வட ஆர்காட்டு வேலூர் அன்று, ஓய்மானாட்டு வேலூர். புளியோதரைக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு இவ்வாறு நிறுவப்படுகிறது. அந்தச் சோற்றோடு பரிமாறப்பட்ட சூட்டிறைச்சியைப் பற்றி, ஆய்வுக் களத்தின் உணர்வுகளை மதித்து, இங்கே விரிவாகப் பேசவில்லை.

புளியோதரை தாங்குவதற்குக் காரணம் புளியின் அமிலமும் உப்பும் மேலே மூடி நிற்கும் நல்லெண்ணெயும். தயிர்சாதத்தின் தந்திரம் வேறு. விடியற்காலையில் பிசையும்போது அது தயிர்சாதமே அல்ல. குழைந்த சாதத்தில் நிறையப் பாலும் பேருக்கு ஒரு கரண்டி தயிரும்தான். சக்கரம் உருள உருள அது தூக்கிலேயே உறைகிறது. பகல் பன்னிரண்டுக்குப் புளிக்காத தயிர்சாதமாகிறது. எட்டு மணிக்குத் திறந்து பார்த்து, “இதென்ன பால்சாதமா இருக்கு?” என்று கேட்பவர் அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை. மூன்றாம் விதி: நடுவழியில் மூடியைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்விதியைத் தனியே படிக்க.

6. நிறுத்தவியல்

இனி ஆய்வின் மையப் பகுதி. வேன் நிற்கும் காரணங்களை வகைப்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே ஒரு மனிதர் இருப்பது தெரிகிறது.

பெரியப்பாவுக்குக் காபி. செங்கல்பட்டைத் தாண்டினால் சாலையின் இருமருங்கும் கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள். பித்தளை டவரா டம்ளர் வரிசையாக மின்னுகிறது. கும்பகோணத்துக்கே போகிறவர் கும்பகோணம் காபிக்காக இங்கே நிறுத்துவதன் தத்துவம் தனி ஆய்வுக்கு உரியது. பாட்டிக்கு மதுராந்தகம் ஏரி காத்த ராமர். வெள்ளைக்காரக் கலெக்டர் பிளேஸ் காலத்தில் உடைய இருந்த ஏரிக்கரையை ராம லட்சுமணர் வில்லோடு காவல் நின்று காத்ததாகச் சொல்லும் கோயில் அது. “ஏரியையே காத்தவர், நம்ம வண்டியைக் காக்க மாட்டாரா? அஞ்சு நிமிஷம் இறங்கி ஒரு சேவிப்பு.” குழந்தைக்கு வாந்தி. சித்திக்குப் பண்ருட்டியில் பலாப்பழமும் முந்திரிப் பருப்பும். கல்லூரி மாணவிக்குச் செல்போன் சார்ஜர். டிரைவருக்கு, அவருக்குக் காசு வாங்காமல் சாப்பாடு போடும் ஓட்டல். அத்திம்பேருக்கு டயரில் காற்று; காற்று சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

இப்போது தேற்றம். வேனில் உள்ளோர் எண்ணிக்கை ‘ந’ எனக் கொண்டால், நிறுத்தங்களும் ‘ந’. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நிறுத்தம் இன்றியமையாதது. மீதி ந−1 நிறுத்தங்கள் வீண். காபி குடித்து முடித்த பெரியப்பாவே ஏரி காத்த ராமர் கோயில் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ராமரைச் சேவித்து வந்த பாட்டியே பண்ருட்டியில், “இந்தப் பழம் நம்மாத்துகிட்ட ரங்கநாதன் தெருவுல கிடைக்காதா?” என்கிறார். தாமதத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் மற்றப் பதினொரு பேரைக் காட்டுவார்கள். பன்னிரண்டு பேரும் சொல்வது உண்மை என்பதுதான் இதன் சிறப்பு.

சுங்கச்சாவடி இதை ரூபாயில் காட்டித் தருகிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு நடந்த வாக்குவாதங்கள் ஒழிந்தன. ஆனால் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம் என்ற சலுகை இருக்கிறது. அத்திம்பேர் பரனூரைக் கடந்த நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறார். மறுநாள் அதே நிமிடத்துக்குள் பரனூருக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று வண்டி முழுவதையும் விரட்டுகிறார். சலுகை சொற்ப நேரத்தில் தவறுகிறது. காரணம் பலாப்பழம் என்பது அவர் கட்சி. மொட்டை போடும் இடத்தில் அவர் நிறுத்திப் பேசிய பழைய நண்பர் என்பது சித்தியின் கட்சி. இரண்டு கட்சியும் ஆவணங்களோடு தயாராக இருக்கின்றன.

7. தேற்றத்தில் ஒரு விலக்கு

தரவுகளைச் சரிபார்த்தபோது எண்ணிக்கை இடித்தது. ஆள் பன்னிரண்டு, ஆனால் நிறுத்தம் கேட்டவர்கள் அதற்குக் குறைவு. கேட்காதவர் யார் என்று தேடினால் கட்டுச்சாதத் தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டின் அம்மா.

“உனக்கு எங்கயாவது நிறுத்தணுமாம்மா?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க போங்கோ.”

இந்த விடையை முந்தைய ஆய்வாளர்கள், அதாவது கணவரும் பிள்ளைகளும், அவர் இயல்பு என்று பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வாய்வு கூடுதல் சான்றுகளைத் திரட்டியது. செங்கல்பட்டில் அவர் காபி குடிக்கவில்லை. “வாய் கசக்கறது” என்றார். அவர் தமக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டில் விக்கிரவாண்டியிலும் திறக்கப்படவில்லை. பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தார், குழந்தைக்குக் கொடுத்தார். பக்கத்துச் சீட்டுக் கல்லூரி மாணவியும் அதேபோல் பாட்டிலைத் திறக்கவில்லை என்பது பின்னர் தெரிய வந்தது. அவள் கேட்ட சார்ஜர் நிறுத்தத்துக்கும் சார்ஜருக்கும் சம்பந்தம் இல்லை.

காரணம் காபியில் இல்லை; கழிப்பறையில் இருக்கிறது. ஆண்களுக்கு இந்தச் சாலை முழுவதுமே நிறுத்தம். நான்குவழிக்காகப் புளியமரங்களை வெட்டிய பிறகும் அவர்களுக்கு ஏதோ ஒரு புதர் மிச்சமிருக்கிறது. பெண்களுக்கு மூடிய கதவும் உள்ளே தண்ணீரும் உள்ள இடம் வேண்டும். அடுத்தது எங்கே, எந்த நிலையில் இருக்கும் என்று தெரியாததால், முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வரலாம் என்பதை எந்த டாக்டரும் சொல்வார். அவர்கள் கேட்காமல் இருப்பது விட்டுக்கொடுத்தல் அன்று. கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

சேத்தியாத்தோப்புப் பக்கம் வேன் போகும்போது வீராணம் ஏரி அருகில்தான் இருக்கிறது. வந்தியத்தேவன் கண்டு வியந்த அதே வீரநாராயண ஏரி. 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குக் குடிநீராகப் போய்க்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த அம்மா, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் அந்த ஏரியைக் கடந்து போகிறார்.

ஆகவே நான்காம் விதி: குடும்பத்தின் நேரம் கேட்பவர்களுக்குள் பங்கு போடப்படுகிறது. கேட்காதவருக்குத் தேவை இல்லை என்று மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். இது வேனுக்கு மட்டும் உரிய விதி அன்று. வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே யார் படுக்கிறார்கள், கடைசித் தோசை யார் தட்டுக்குப் போகிறது என்று பார்த்தாலும் இதே பட்டியல்தான் வரும். வீட்டில் நாள் முழுவதும் சிதறிக் கிடப்பதை வேன் ஆறேழு மணி நேரத்துக்குள் கண்ணெதிரே கொண்டுவந்து விடுகிறது.

8. எதிர்வாதங்கள்

ரயிலில் போகலாமே என்பார்கள். போகலாம். கழிப்பறையும் கூடவே வரும். ஆனால் ரயில் நம்மைக் கேட்டு நிற்பதில்லை. அது நிற்பதும் நிற்காததும் யாருடைய குற்றமும் அல்ல. யாருக்காக யார் காத்திருந்தோம் என்ற கேள்வியே அங்கே எழாது. உடம்புக்கு நல்லது, ஒழுக்கவியலுக்குப் பயனில்லை.

“அம்மாவே கேட்டிருக்கலாமே” என்பது இன்னொரு வாதம். பதினொரு பேர் வெறுத்துப் பார்க்கும் நிறுத்தத்தைக் கேட்டு வாங்கும் துணிச்சல் பெரியப்பாவுக்கு அறுபது ஆண்டுப் பயிற்சியில் வந்தது. அந்தப் பயிற்சி அம்மாவுக்குத் தரப்படவில்லை.

9. பரிந்துரைகள்

ஒன்று: மேற்கு மாம்பலத்தில் வண்டி ஏறும்போதே டிரைவரிடம் சொல்லிவிடவும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, யாரும் கேட்காமலே, பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ சுங்கச்சாவடியிலோ கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்க வேண்டும். அட்டவணைப்படி நிற்கும் வண்டியில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

இரண்டு: காபி, ராமர், பலாப்பழம், டயர்க் காற்று ஆகியவை அந்த நிறுத்தங்களுக்குள் முடிந்த அளவு அடங்க வேண்டும். அடங்காதவற்றுக்குத் தனி நிறுத்தம் கிடையாது. ராமருக்கு மட்டும் மறுப்பு இல்லை.

மூன்று: “உனக்கு ஏதாவது வேணுமா?” என்று கேட்பதை இன்றோடு நிறுத்தவும். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒரே ஒரு விடைதான் உண்டு என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது.

நான்கு: வண்டி நின்றதும் முதலில் பெண்கள் இறங்கிப் போய்க் கழிப்பறையைப் பார்க்கட்டும். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்று அவர்கள் வந்து சொன்ன பிறகு பெரியப்பா காபிக்குச் சொல்லலாம். சரியில்லை என்றால் எல்லாரும் மறுபடி வண்டியில் ஏற வேண்டும், பெரியப்பா உட்பட.